வேனுக்குள் தணிகாசலம்

ரிப்பேருக்கு வந்த வேனின் கதவில் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கேட்கத்தான் தணிகாசலம் உள்ளே பலகையில் உட்கார்ந்து அதை இழுத்துச் சாத்தினார். பக்கவாட்டில் தள்ளித் திறக்கும் கதவு அது. பாதி வழி ஓடியது, ஒரு முறை குதித்தது, 'டொக்' என்று பூட்டிக்கொண்டது. உள்கைப்பிடியைத் திருகினார். அது பிடிப்பில்லாமல் சும்மா சுற்றியது.

முதலில் பயம் வரவில்லை. ஒரகடம் கூட்ரோட்டில் பதினோரு வருஷமாக மெக்கானிக். எத்தனையோ கதவுகளைத் திறந்தவர். ஆனால் இந்த வேனில் வேறு வழி கிடையாது. முன்பு வைத்திருந்தவர் துணி மூட்டை ஏற்றுவதற்காக டிரைவர் சீட்டுக்குப் பின்னால் கூரை வரை தகரம் அடித்திருந்தார். பின் கதவு ஒரு விபத்தில் நெளிந்ததால் அதை வெல்டு வைத்தே மூடிவிட்டார்கள். ஜன்னல்களில் திறக்க முடியாத கண்ணாடி. அதற்கு மேல் திரை. ஸ்பேனர், சுத்தியல் எல்லாம் வெளியே சாக்கின் மேல் கிடந்தன. எண்பத்தெட்டாம் வருஷச் சித்திரை வெயில், மணி பதினொன்று.

திரையை விலக்கிக் கண்ணாடியைத் தட்டப் போனபோது ரகுபதி வருவது தெரிந்தது. வேன் ரகுபதியுடையது. தணிகாசலத்தின் ஷெட் நிற்கும் இடமும் ரகுபதியுடையதுதான். பத்தடி பின்னால் வெள்ளைப் புடவையில் ராஜம்மா வந்துகொண்டிருந்தார். அரசு ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்து, ஸ்ரீபெரும்புதூரில் சொந்தமாகப் பிரசவ விடுதி நடத்துகிறவர்; வேனை விலைக்கு வாங்கப் பார்க்க வந்திருந்தார்.

ரகுபதி கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தார். தணிகாசலம் கதவைக் காட்டிக் கையை விரித்தார். ரகுபதிக்குப் புரிந்துவிட்டது. புரிந்தும், உள்ளங்கையைத் தாழ்த்தி, பேசாமல் இரு என்று சைகை காட்டிவிட்டு ராஜம்மாவை வண்டியின் முன்பக்கம் அழைத்துக்கொண்டு போனார்.

தணிகாசலம் பேசாமல் இருந்தார். கண்ணாடியை உதைத்து உடைக்கலாம். உடைத்தால் அதற்கும் ரகுபதிக்குத்தான் பதில் சொல்ல வேண்டும். ஷெட்டைக் காலி செய் என்று ஒரு வார்த்தை வந்தால் எங்கே போவது? சட்டை முதுகோடு ஒட்டியது. தகரத்தில் சாய்ந்தால் சுட்டது. முன்னால் ரகுபதி எஞ்சினை ஓட்டிக் காட்டினார். வண்டி நடுங்கியது, புகை வாடை தரை இடுக்கு வழியாக ஏறி வந்தது. துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

எஞ்சின் நின்றதும் பேச்சு தெளிவாகக் கேட்டது.

"எனக்கு எஞ்சினவிட கதவுதான் முக்கியம் சார். சேரப்பணஞ்சேரிலேர்ந்து வலியோட ஒருத்திய ஏத்தினு வருவேன். சட்டுனு தொறந்து எறக்கணும்" என்றார் ராஜம்மா.

"அது வழுக்கினு போவும்மா. இப்பதான் கிரீஸ் வெச்சிக்கீது. ஒரு மணி நேரம் தொடக்கூடாதுன்னு மெக்கானிக்கு சொல்லிக்கீறான்."

"அவர் எங்க? ஒரு வார்த்த கேட்டுக்கறேன்."

"குன்றத்தூர் போயிக்கீறாம்மா. சாயங்காலம்தான் வருவான்."

தகரத்துக்கு இந்தப் பக்கம் இரண்டடி தூரத்தில் உட்கார்ந்து தணிகாசலம் இதைக் கேட்டார். மூச்சை இழுத்தால் பாதிதான் உள்ளே போயிற்று. இதே பலகையில் ஒருத்தி வலியில் புரளுவாள், இந்தக் கைப்பிடி இப்படித்தான் சும்மா சுற்றும் என்ற நினைப்பு வந்தது. வந்த பிறகு அதைத் தள்ள முடியவில்லை.

"சரி, வண்டிய எடுக்க நாளைக்கு டிரைவர அனுப்பறேன்." ராஜம்மாவின் செருப்புச் சத்தம் நகர்ந்தது.

தணிகாசலம் இரண்டு கையாலும் கண்ணாடியை அறைந்தார்.

"நர்சம்மா! போவாதீங்க! உள்ள மாட்டிக்கினு கீறேன்! கதவு தொறக்கல!"

ராஜம்மா திரும்பி ஓடிவந்து வெளிக்கைப்பிடியைப் பிடித்து இழுத்தார். கதவு அசையவில்லை. சத்தம் கேட்டு எதிரே பஞ்சர் கடை வைத்திருந்த நாகப்பன் கடப்பாரையோடு வந்தார். ரகுபதி குறுக்கே நின்றார்.

"நாகப்பா, வோணாம்! பெயிண்ட்டு போயிடும். மெதுவா தொறக்கலாம்."

"உள்ள ஆளு வெந்துகினு கீறாரு, பெயிண்ட்டப் பத்திப் பேசறீங்களா?" என்று கத்தினார் ராஜம்மா. "நீ நெம்புப்பா!"

மூன்றாவது நெம்பலில் கதவு கழன்று சாய்ந்தது. தணிகாசலம் இறங்கி மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். ராஜம்மா அவர் தலையில் தண்ணீர் ஊற்றி, மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார்.

"எப்பலேர்ந்து உள்ள இருக்கீங்க?"

"நீங்க வர்றதுக்கு முன்னாலேர்ந்து."

ராஜம்மா ரகுபதியை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். அவர் போனதும் ரகுபதி சொன்னார்: "வெள்ளிக்கெழமைக்குள்ள ஷெட்ட காலி பண்ணிடு."

அன்று வீட்டில் மனைவி கிளியம்மாள் அழுதாள். "கொஞ்ச நேரம் வாய மூடினு இருந்திருக்கக் கூடாதா?"

"இருந்தேன் கிளி. அர மணி நேரம் இருந்தேன்."

அதன்பின் நாகப்பன் கடை ஓரத்தில் ஒரு படுதாவைக் கட்டி அதன் கீழ் வேலை பார்த்தார். ரகுபதி கதவைத் திரும்ப மாட்டி, வேனைத் தண்டலத்தில் நடேசன் என்பவருக்கு விற்றுவிட்டதாகக் கேள்விப்பட்டதும், தணிகாசலம் பஸ் ஏறிப் போய் அவரிடம் கதவு விஷயத்தைச் சொன்னார்.

"ரகுபதி சொன்னாரு, ஒனக்கு அவரு மேல கோவம்னு" என்றார் நடேசன்.

"கோவம் கீது சார். கதவும் மாட்டிக்கும். ரெண்டும் நெஜம். பின்னால வெல்ட அறுத்துடுங்க, அது போதும்."

நடேசன் எழுந்து வீட்டுக்குள் போய்விட்டார். உட்காரச் சொல்லவும் இல்லை.

ஆடி மாதம் ஒரு காலையில் அந்த வேன் கூட்ரோட்டில் திரும்பியது. உள்ளே கம்பெனிக்குப் போகிற பெண்கள் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். பக்கவாட்டுக் கதவு சாத்தியிருந்தது. தணிகாசலம் எழுந்து ரோட்டுக்கு வந்து வண்டியின் முதுகைப் பார்த்தார். வெல்டை அறுத்து, பின் கதவுக்கு இரண்டு புதுக் கீல் போட்டிருந்தார்கள்.