ஒன்பது ஐம்பத்தாறு வானிலை

"திங்கட்கிழமை ஒரே ஒரு நிகழ்ச்சி. நேரலையில. கேக்கிறவங்ககிட்ட சொல்லிட்டுத்தான் நான் போவேன்," என்றாள் லோர்னா, உட்காராமலே.

வேலை போகிறது என்று தெரிந்த பிறகு மைக்கைக் கேட்கவே கூடாது. வானொலிக்கு வந்த முதல் வாரமே அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது இது. போகிறவர்கள் கோபத்தில் எதையாவது கொட்டிவிடுவார்கள் என்று மேலிடத்துக்குப் பயம். அதனால்தான் வெள்ளிக்கிழமை நிகழ்ச்சி முடிந்த கையோடு கூப்பிட்டு, வேலை இல்லை என்பார்கள். வாசல் வரை ஓர் ஆள் கூடவே வருவான்.

கிரிம்ஸ்பி ஊர் வானொலி நிலையத்துக்கு அந்த வருஷமே சரியில்லை. ஜனவரியில் இரவு நிகழ்ச்சி மான்செஸ்டருக்குப் போனது. ஈஸ்டருக்குக் கால்பந்து வர்ணனை, ஆகஸ்டில் செய்தி. மிஞ்சியது லோர்னாவின் காலை நிகழ்ச்சிதான். இப்போது அதுவும் போகிறது.

"நடக்காதுன்னு உனக்கே தெரியும்," என்றார் மேலாளர் கிரேம். "ஆனா உன்னை நான் விட்டுடலயே! மான்செஸ்டர்ல இடம் பிடிச்சு வெச்சிருக்கேன். பதினோரு ஊர் நிலையத்துக்கும் இனி ஒரே காலை நிகழ்ச்சி, அது நீதான். ஊர்ப் பேரை மட்டும் தனித்தனியா பேசிக் குடு, மிச்சத்தைக் கம்ப்யூட்டர் ஒட்டிக்கும். பேச்சுல அந்தக் கிரிம்ஸ்பி இழுவையைக் கொஞ்சம் குறைச்சுக்கோ, அவ்ளோதான்."

அந்த இழுவை அவள் அப்பாவுடையது. மீன் தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிறவர். வீட்டில் முதல் பட்டதாரி அவள். மூன்று வருஷப் படிப்பும் அதைக் கரைக்கவில்லை.

"வியாழக்கிழமை பதிவு பண்ணிட்டு, திங்கட்கிழமை மழைன்னு சொல்லணுமா?"

"சொல்லேன். இங்கிலாந்துதானே, எங்கேயாவது பெய்யும்."

"இன்னிக்கு நிகழ்ச்சி கேட்டீங்களா, கிரேம்?"

"கேக்காமயா? பிரமாதம்!"

"கடைசியில என்ன சொன்னேன்?"

கிரேம் தேநீரைக் கலக்கினார். "வானிலை…"

"பொய். 'நாளைக்குப் பத்து மணிக்குச் சின்னதா ஒரு பேச்சு'ன்னு நேத்து சாயங்காலமே மெயில் அனுப்பிட்டீங்க. வெள்ளிக்கிழமை பத்து மணின்னா என்னன்னு டீ போடறவருக்குக்கூடத் தெரியும். ஒன்பது ஐம்பத்தாறுக்கு, வானிலை நேரத்துல எல்லாத்தையும் சொல்லிட்டேன். யாரையும் திட்டல. இதுதான் கடைசி, இனிமே மழையான்னு ஜன்னலைத் திறந்து நீங்களே பாத்துக்குங்கன்னேன்."

கிரேமின் முகம் வெளுத்தது. "அப்புறம் எதுக்குடி திங்கட்கிழமை?"

"உங்க காதுல விழுந்துச்சான்னு பாக்கத்தான். நீங்க சரின்னிருந்தா இன்னும் அழகா ஒரு தடவை சொல்லியிருப்பேன்."

மேசைத் தொலைபேசி அலறியது. வரவேற்பிலிருந்து ஷெர்லி, அவள் குரல் அறை முழுக்கக் கேட்டது. "கிரேம், போன் ஓயவே மாட்டேங்குது! மார்க்கெட் ரொட்டிக்கடைக்காரி ஒரு முழு கேக்கோட வந்து நிக்கறா. லோர்னா எங்கே?"

ராத்திரியெல்லாம் நெஞ்சில் கிடந்த கல் இறங்கியது. கேட்டிருக்கிறார்கள். கேட்க வேண்டியவர்கள் கேட்டிருக்கிறார்கள்.

மான்செஸ்டர் ஒப்பந்தம் மேசையில் விரித்தபடி இருந்தது. அதன் மேல் தன் அடையாள அட்டையைக் கழற்றி வைத்தாள். கூட வருவதற்காக வாசலில் காத்திருந்த ஆள் எழுந்தான்.

"நீ உக்காரு, கண்ணு. வழி எனக்குத் தெரியும்," என்று சொல்லிவிட்டு, கேக் இருந்த பக்கம் படியிறங்கிப் போனாள்.