தீர்ந்தாரும் தீராரும்

நகரி நெசவாளர் கோவர்த்தனனுக்கு எடையே இல்லை. ஆந்திர மாநிலம் பிறந்த வாரம், புரட்டாசிச் சனிக்கிழமை, திருமலையில் துலாபாரத் தட்டில் உட்கார்ந்தபோது இது தெரிந்தது. எதிர்த் தட்டில் ஒரு வெல்ல உருண்டை வைத்ததும் அவர் மேலே போனார். எடுத்ததும் இரண்டு தட்டும் சமமாக நின்றன. தராசுக்காரர் சங்கிலியை உதறிப் பார்த்துவிட்டு, "பருவு லேதய்யா," எடையே இல்லை என்று தெலுங்கில் சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டார். வரிசையில் நிற்பவர்களுக்கும் வேலை இருக்கிறதல்லவா.

மனைவி கன்னியம்மாள் விஷக்காய்ச்சலில் கிடந்தபோது, அவள் பிழைத்தால் என் எடைக்கு எடை வெல்லம் என்று பெருமாளிடம் வேண்டிக்கொண்டவர் அவர். அவள் பிழைத்துவிட்டாள். எடை இல்லாதவன் எவ்வளவு வெல்லம் கொடுப்பது? மலையிலிருந்து இறங்கியதும் அவள் நேரே வீட்டுக்கு வந்து மூட்டை கட்டினாள். "வேண்டுதல் தீராத ஊட்ல நான் எப்டியா துன்னுகினு தூங்கிகினு இருக்கறது? பெருமாளு இன்னிக்கி கேப்பாரா நாளிக்கி கேப்பாரான்னு பயந்துகினே சாவணுமா? நீ தீர்த்துட்டு ஆள் அனுப்பு, வரேன்." திருத்தணியில் இருந்த அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். பிள்ளைகள் கிடையாது. கோவர்த்தனன் தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்தார். எவ்வளவு மிதித்தும் மிதிகட்டை அமுங்கவில்லை. பாதி நெய்த சேலை அப்படியே நின்றது.

எங்கள் பக்கத்தில் ஒரு மார்க்கம் பிறக்கக் கொஞ்சம் பொங்கலும், கேட்டதற்குப் பதில் தெரியாத ஒரு மனிதனும் போதும். முதலில் சைக்கிள் கடை சம்பத் வந்து கும்பிட்டார். பிறகு புத்தூரிலிருந்து மண்டிக்காரர் பாலையா வண்டி கட்டிக்கொண்டு வந்தார். பாவமெல்லாம் கரைந்த உடம்பு என்றார்கள். மூச்சுக்காற்று பட்டால் நகர்ந்துவிடுவார் என்று பயந்து பத்தடி தள்ளி உட்கார்ந்தார்கள். அந்தப் பத்தடி பிறகு ஆசாரமாகிவிட்டது. "எனக்கு ஒன்னும் தெரியாதுபா. ஊட்டுக்காரி வரணும், அவ்ளோதான்," என்று அவர் கெஞ்சினார். ஊட்டுக்காரி என்பது ஜீவாத்மா என்று பாலையா விளக்கம் சொன்னார். கூட்டம் தலையாட்டியது. வாரம் இருநூறு பேர் வந்தார்கள், அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட ஒருவர் இல்லை, எல்லாருக்கும் அவர் சாமி. சோறு பத்தடிக்கு அப்பாலிருந்து நீளக் கரண்டியில் வந்தது.

மூன்றாம் வருஷம் மார்க்கம் இரண்டானது. எடை முழுவதையும் சாமி முன்கூட்டியே பெருமாளிடம் ஒப்படைத்துவிட்டார், வேண்டுதல் தீர்ந்தது என்றார் சம்பத். பெருமாள் இன்னும் கைநீட்டி வாங்கவில்லை, ஆகவே தீரவில்லை என்றார் பாலையா. தீர்ந்தார் நெற்றியில் படுக்கைக் கோடு இட்டார்கள், தீரார் அதையே சாய்த்து இட்டார்கள். ஒருவர் வீட்டில் மற்றவர் தண்ணீர் குடிப்பதில்லை, பெண் கொடுப்பதில்லை. பொங்கலுக்கு முந்திரி போடுவதா என்பதில்கூடச் சண்டை வந்தது. கோவர்த்தனன் எந்தப் பக்கமும் சேராமல்தான் இருந்தார். ஒரு நாள் அவருக்கு ஒரு யோசனை வந்தது. தீர்ந்துவிட்டது என்ற பேச்சு திருத்தணி வரை போனால், கன்னியம்மாள் பயம் தெளிந்து திரும்பிவிடுவாளே! சம்பத்தைக் கூப்பிட்டு, "நீ சொல்றதுதான்பா சரி. திருத்தணில போய்ச் சொல்லு, எல்லாத் தெருவுலயும் சொல்லு," என்றார். பாலையா அன்றே தன் ஆட்களோடு புத்தூருக்குப் போய்த் தனி மடம் கட்டிக்கொண்டார். கோவர்த்தனன் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. வாசலைப் பெருக்கச் சொல்லிவிட்டு ரயில் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்.

எல்லைத் தகராறு முடிந்து 1960இல் திருத்தணி மதராஸ் ராஜ்ஜியத்துக்குப் போனது, நகரி ஆந்திராவிலேயே நின்றது. அந்தச் சித்திரையில் திருத்தணியிலிருந்து முதல் கூட்டம் ரயிலில் வந்தது. பெண்கள் வரிசையில் கன்னியம்மாள் இருந்தாள், நெற்றியில் படுக்கைக் கோடு. பத்தடி தள்ளி விழுந்து கும்பிட்டாள்.

"கன்னீ," என்றார் கோவர்த்தனன்.

"சொல்லுங்க சாமி."

"ஊட்டுக்கு வந்துடு கன்னீ."

"சாமிக்கு ஏது சாமி ஊடு," என்று தரையைப் பார்த்தபடியே சொன்னாள். பயம் தெளிந்த முகம், நன்றாகச் சதை பிடித்திருந்தது. பொங்கல் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு நாலு மணி வண்டிக்குப் போய்விட்டாள்.

அந்த வருஷம் ஆடிக்காற்று பலமாக அடித்தது. கோவர்த்தனன் கூரைக்கு மேலே போய் நின்றார். யாரும் பதறவில்லை. பாவு நூலைக் கயிறாகத் திரித்து இடுப்பில் கட்டி, மறுமுனையைப் பிடித்துக்கொள்ள ஊர்வாரியாக முறை வைத்தார்கள். வெள்ளிக்கிழமை திருத்தணிக்காரர்களுடையது. அன்றைக்குக் கயிறு கன்னியம்மாள் கைக்கு வந்தது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, காலை ஊன்றி, காற்று எவ்வளவு இழுத்தும் விடாமல் பிடித்தாள். மேலே இருந்து அவர் ஒரு முறை மெல்லச் சுண்டினார். சாமி அருள் பண்ணுகிறார் என்று அவள் கயிற்றைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அதன் பிறகு ஒவ்வொரு ஆடியிலும் கயிறு பிடிப்பவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள்.