பிற்பாதிச் செபம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்றாம் ஆண்டுக் கோடையில், ஒருபால் சேர்வராயன் மலையும் மறுபால் வத்தல்மலையும் வெயிலில் வெந்து கருத்து நிற்க, இடையே இருப்புப்பாதையைத் தாங்கிக் கிடந்த பொம்மிடியின்மேல் மாலைப்பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. போர்க்கைதிகளை ஏற்றிவந்த புகைவண்டி, குருதிக்கழிச்சலால் துவண்ட ஒருவனை மட்டும் அவ்வூர்ச் சிறு மருத்துவச்சாலையில் விட்டுச் சென்றது. யாக்கோ என்பது அவன் பெயர். இத்தாலியப் படையுடை அணிந்திருந்தானேனும் இத்தாலியம் அவன் தாய்மொழி அன்று. பனிமலைப் பள்ளத்தாக்குகள் சிலவற்றில் மட்டும் வழங்கும் லாடின் என்னும் சிறுமொழியே அவன் வீட்டுமொழி. அதைப் பள்ளியில் பேசி அடிபட்டு வளர்ந்தவன், அதைக் கேட்பார் ஒருவருமில்லாத ஊரில் சாகக் கிடந்தான். இதனினும் கொடிய தனிமை உண்டோ!

அங்கு நீர் சுமந்து நோயாளரைப் பேணியவள் கோவிலூர் லூர்துமேரி. கைதி செபமாலையை உருட்டிச் சில சொற்களை முணுமுணுப்பதும், பாதியில் நிறுத்திக் கதவை நோக்குவதும், மறுமொழி வாராமையால் மீண்டும் தொடங்குவதும் கண்டாள். நடுவே மரியா என்னும் பெயர் அவள் செவியில் விழுந்தது. செபத்தின் முற்பாதியை ஒருவர் சொல்லப் பிற்பாதியைப் பிறர் சொல்வது அவள் வீட்டிலும் வழக்கமாதலின், அவன் எதற்குக் காத்திருக்கிறான் என்பது அவளுக்கு விளங்கியது. தமிழில் பிற்பாதியைச் சொன்னாள். அவன் கண்ணீரோடு தலையை ஆட்டி மறுத்து, தன் வீட்டுமொழிப் பிற்பாதியைத் துண்டுதுண்டாக அவளுக்கு ஓதுவித்தான்.

“எதிரிக்காரனுக்குப் போயி ஏனுங்க ஆத்தா இந்தப் பாடு?” என்றான் காவலன் மாரப்பன்.

“எம் பையனும் ஆப்பிரிக்காச் சண்டையிலதான் செத்தான் மாரப்பா. சாவுற நேரத்துல அவன் செபத்துக்கு எவ பதில் சொன்னா? இவனுக்காவது நான் சொல்றேன், வுடு.”

வைகறையில் அவன் தொடங்க, பொருளறியாத அச்சொற்களால் அவள் முடித்தாள். செபமாலையின் மணிதோறும் அவன் முகம் தெளிந்துவந்தது. பின்னர் ஒரு மணியை விரலில் பற்றியவன் தொடங்கவேயில்லை.

அன்று மாலையே புதைத்தார்கள். குருவானவர் வரவில்லை. “நீங்களே அவுங்க பேச்சுல செபத்தைச் சொல்லிடுங்க ஆத்தா,” என்றான் மாரப்பன், தலைப்பாகையைக் கழற்றி. வாய்திறந்த லூர்துமேரி திகைத்து நின்றாள்.

“மொதப் பாதி எனக்குத் தெரியாதே மாரப்பா! அதை எப்பவும் அவன்தானே சொன்னான்!”

மண் விழும் ஓசைக்கிடையே, தொடக்கமில்லாத அப்பிற்பாதியை அவள் அழுதுகொண்டே சொல்லி முடித்தாள். கடலுக்கப்பால், பனிமலைப் பள்ளத்தாக்கில் ஒரு வீட்டில், மகன் இறந்ததறியாத தாயொருத்தி முற்பாதியைச் சொல்லிவிட்டு, அவன் குரலுக்காக அன்றும் சற்றே நிறுத்தியிருப்பாள்.