பஸ் தேவையில்லை

எங்கள் வீட்டில் எந்த விண்ணப்பத்தையும் நான் நிரப்புவதில்லை. என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். என் வீட்டுக்காரர் எழுதினால் அச்சுக் கோத்தது போல இருக்கும். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடமாக காஸ் இணைப்பு, பிள்ளையின் பள்ளிக்கூடம், வாடகை ஒப்பந்தம் எல்லாவற்றையும் அவர்தான் எழுதுவார். நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டு வைப்பார். நான் அடுப்படியிலிருந்து ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, குறி இருக்கும் இடத்தில் கிறுக்கிவிட்டுப் போவேன். படித்துப் பார்த்ததில்லை. படித்தால் நம்பவில்லை என்று அவருக்கு முகம் சுருங்கிவிடும்.

லைசென்ஸ் விண்ணப்பத்துக்கும் அப்படித்தான் கையெழுத்துப் போட்டேன்.

அவருடைய வேலை மாற்றலால் நாங்கள் இந்த மாகாணத்துக்கு வந்து அன்றைக்கு எண்பத்தொரு நாள். குடிவந்த தொண்ணூறு நாளுக்குள் பழைய லைசென்ஸைக் கொடுத்துவிட்டு இங்கத்திய லைசென்ஸ் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது சட்டம். நாள் தாண்டினால் அரிச்சுவடியிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். பழைய ஊரில் நான் ஒரு மருந்துக் கம்பெனியின் ஊழியர் பஸ்ஸைப் பதினோரு வருடம் ஓட்டியவள். நாற்பது இருக்கை. இங்கே ஓர் ஆஸ்பத்திரியில் அதே வேலைக்குப் பேசி வைத்திருந்தேன். மாதம் பிறக்கும்போது இந்த ஊர் லைசென்ஸில் பஸ் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வேன் என்று போக்குவரத்து மேலாளர் கறாராகச் சொல்லிவிட்டார். வீடு என் வீட்டுக்காரரின் கம்பெனி கொடுத்தது. அக்கம்பக்கமெல்லாம் அவருடைய ஆபீஸ்காரர்கள். புது ஊரில் என்னுடையது என்று சொல்ல எனக்கு அந்த வேலை ஒன்றுதான் இருந்தது.

லைசென்ஸ் ஆபீஸில் எங்கள் டோக்கன் எண் வந்ததும் இருவரும் கவுண்டருக்குப் போனோம். அங்கே உட்கார்ந்திருந்த பெண் என் பழைய லைசென்ஸ் அட்டையை ஒரு கையிலும் அதில் துளை போடுகிற கருவியை மறு கையிலும் வைத்துக்கொண்டு விண்ணப்பத்தைப் பார்த்தாள்.

“பஸ்ஸை விட்டுடுறீங்களா மேடம்?” என்று கேட்டாள்.

வேறு யாருடைய தாளையோ பார்த்துக் கேட்கிறாள் என்று நினைத்துச் சிரித்தேன். அவள் தாளை என் பக்கம் திருப்பினாள். ஏழாவது கட்டத்தில், கைவிட விரும்பும் வாகன வகை என்ற இடத்துக்கு எதிரே, அச்சுக் கோத்தது போல எழுதியிருந்தது: பஸ் தேவையில்லை. அதன் கீழே என் கிறுக்கல். பக்கத்தில் பென்சில் குறி.

துளை போட்டுவிட்டால் பிறகு பஸ்ஸுக்குப் புதிதாகக் கற்றுக்கொண்டுதான் வர வேண்டும் என்று அந்தப் பெண் சொன்னாள். நான் அட்டையை அவள் கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்கினேன். மரியாதை இல்லைதான். திரும்பிப் பார்த்தால் என் வீட்டுக்காரர், சுவரில் ஒட்டியிருந்த சீட் பெல்ட் படத்தை மறுநாள் பரீட்சை இருப்பது போல உற்றுப் படித்துக்கொண்டிருந்தார்.

அவரைக் கடைசி பெஞ்சுக்கு இழுத்துக்கொண்டு போனேன். என்னைக் கேட்காமல் என் பிழைப்பில் கை வைக்க யார் அதிகாரம் கொடுத்தது என்று ஆரம்பித்து, வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். வரிசையில் நின்றவர்கள் செல்போனைப் பார்ப்பது போலக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் எழுந்து சுற்றி வந்து, என் வலது பக்கம் உட்கார்ந்தார்.

“உனக்கு இடது காது கேக்கல,” என்றார். “பஸ்ஸுன்னா டாக்டர் காதைப் பாப்பாராம். கேக்கலன்னு தெரிஞ்சா மொத்த லைசென்ஸும் போயிடும்னு ஆபீஸ்ல சொன்னாங்க. காராவது மிஞ்சட்டுமேன்னு பாத்தேன்.”

அது யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன். போனை வலது காதில்தான் வைப்பேன். வேலையில் யாராவது கூப்பிட்டுக் கேட்காவிட்டால் இன்ஜின் சத்தத்தின் மேல் பழியைப் போடுவேன். எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

“ரெண்டு வருஷமா கார்ல நான் சொல்ற எதுக்கும் நீ பதில் சொல்றதில்லையே.”

கார் ஓட்டும்போது அவர் இருக்கை எனக்கு இடப்பக்கம். பிரேக்கைப் பிடி, சைக்கிள் வருது பார், என்ன அவசரம் என்று கல்யாணமான நாளிலிருந்து பாராயணம் பண்ணிக்கொண்டே வருவார். பஸ் ஓட்டுகிறவளுக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் மனிதர். இரண்டு வருடத்துக்கு முன் அது நின்றது. ஒருவழியாக என் ஓட்டத்தை ஒப்புக்கொண்டுவிட்டார் என்று என் தங்கையிடம் பெருமையடித்துக்கொண்டேன். மனிதர் நிறுத்தவே இல்லை. எனக்குத்தான் கேட்கவில்லை.

“தெரிஞ்சா கேட்டிருக்கலாமே?” என்றேன்.

“நீயா சொல்லுவேன்னு காத்துக்கிட்டிருந்தேன்.”

பதில் இல்லாதபோது எனக்குக் கோபம் இன்னும் ஏறும். எனக்குத் தெரியாமல் எனக்கு நல்லது செய்ய வேண்டாம் என்று சொல்லி, அந்த விண்ணப்பத்தை அவர் கண்ணெதிரே நாலாகக் கிழித்தேன். பிறகு கவுண்டருக்குப் போய், ஒரு காது மந்தமானால் கார் லைசென்ஸ் போய்விடுமா என்று வெளிப்படையாகக் கேட்டேன். போகாது என்றாள். பஸ்ஸுக்கு மட்டும் டாக்டர் சான்றிதழ் வேண்டும், காதுக்குக் கருவி போட்டுக் கேட்டாலும் ஒத்துக்கொள்வார்கள், ஆனால் உங்களுக்கு ஒன்பது நாள்தான் இருக்கிறது என்றாள். ஆபீஸில் யாரோ சொன்னதை நம்பி என் பஸ்ஸைத் தாரை வார்க்கப் பார்த்திருக்கிறார் மனிதர். புது விண்ணப்பத்தை நானே நிரப்பினேன். அதை வாசிக்க அந்தப் பெண் கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

மறுநாள் டாக்டரிடம் தனியாகப் போனேன். அவர் எனக்குப் பின்னால் நின்றுகொண்டு மெல்லிய குரலில் எண்களைச் சொன்னார். நான் திருப்பிச் சொல்ல வேண்டும். வலது காதில் எல்லாம் சரியாகச் சொன்னேன். வலது காதைப் பொத்திக்கொண்டு இடது காதுக்கு வந்தபோது கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, குருட்டாம்போக்கில் முப்பத்தேழு என்றேன்.

“நான் இன்னும் எதுவும் சொல்லலம்மா,” என்றார்.

எவ்வளவு நாளாக இப்படி என்று கேட்டார். இரண்டு வருடம் என்றேன். அப்போது என்ன ஓட்டிக்கொண்டிருந்தீர்கள் என்றார். நாற்பது இருக்கை பஸ் என்றதும் எழுதுவதை நிறுத்தினார். திட்டவில்லை. இடது பக்கம் ஒரு வண்டி ஹாரன் அடித்தால் எப்படித் தெரிந்துகொள்வீர்கள் என்று மட்டும் கேட்டார். கண்ணாடியில் பார்ப்பேன் என்றேன்.

“கண்ணாடியைப் பாக்காத நேரத்துல?”

முந்தின நாள் அந்த பெஞ்சில் என் வீட்டுக்காரரைக் கேட்ட கேள்வியெல்லாம் என் பக்கம் திரும்பியது. அவர் என்னிடம் மறைத்தது ஒரு கட்டம், ஒரு வரி. நான் நாற்பது பேரிடம் இரண்டு வருடம் மறைத்தேன். தினமும் இரண்டு நடை. ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டு வருவார்கள். விபத்து ஒன்றும் நடக்கவில்லை என்றால் அது என் சாமர்த்தியம் இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது.

வீட்டுக்கு வந்து டாக்டர் கேட்டதை ஒன்று விடாமல் அவரிடம் சொன்னேன். நான் அப்பவே சொன்னேனே என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது அவருக்கும் தெரியும். கருவி வாங்கப் போனபோது கூட வந்தார். அதை மாட்டிக்கொண்ட முதல் இரண்டு நாள் குழாய்த் தண்ணீரும் பிளாஸ்டிக் பையும் மண்டையைக் குடைந்தன. மூன்றாம் நாள் பழகிவிட்டது. மறுபடி டாக்டரிடம் போனேன். அவர் சொன்ன பத்து எண்களையும் இந்தத் தடவை கேட்டே சொன்னேன். எண்பத்தெட்டாம் நாள் அந்தப் பெண் என் பழைய அட்டையில் துளை போட்டாள். புது அட்டையில் பஸ் இருந்தது. அதன் கீழே, செவிக் கருவியுடன் மட்டும் என்று பொடி எழுத்தில் ஒரு வரி.

மாதம் பிறந்து முதல் நாள் காலை ஆஸ்பத்திரி பஸ்ஸில் முப்பத்திரண்டு பேர் ஏறினார்கள். நர்சுகள், பரிசோதனைக் கூடத்துப் பையன்கள், சமையல்கட்டு ஆட்கள். பாதிப் பேர் உட்காரும்போதே கண்ணை மூடிவிட்டார்கள். இவர்களிடம் எதுவும் சொல்ல வேண்டிய கட்டாயம் எனக்கு இல்லை. மேலாளருக்குத் தெரியும், அட்டையில் இருக்கிறது. இன்ஜினைக் கிளப்பினேன். பிறகு அணைத்துவிட்டு எழுந்து அவர்கள் பக்கம் திரும்பி நின்றேன்.

“எனக்கு இடது காது சரியாக் கேக்காது. கருவி போட்டிருக்கேன். டாக்டர் பாத்து சரின்னு சொல்லித்தான் வந்திருக்கேன். யாருக்காவது பயமா இருந்தா சொல்லிடுங்க.”

தூங்கியவர்கள் விழித்துக்கொண்டார்கள். யாரும் இறங்கவில்லை. மூன்றாவது வரிசையில் ஒரு நர்ஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

“ஏழு மணிக்கு எனக்கு ட்யூட்டி அக்கா. வண்டிய எடுங்க.”

எடுத்தேன்.