மூன்றாம் வரியில் அறுந்த கடிதம்

என் தம்பி மகன் அழகரத்தினத்தின் கணினி அறைக்குள் நான் விருப்பத்தோடு ஒருநாளும் போனதில்லை. மேசையில் பல்லி எச்சம் காய்ந்து கிடக்கும். எழுத்துப் பலகையில் தேநீர் சிந்திச் சிந்தி விரல் ஒட்டும். கணினிப் பெட்டியின் மூடி எப்போதும் கழற்றியபடியே இருக்கும். தொலைபேசிக் கம்பி வழியாக அது கொழும்போடு பேசத் தொடங்கும்போது போடும் ஓலத்தைக் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வேன். முப்பத்தொரு வருடம் தபால் கந்தோரில் அமைதியாக வேலை பார்த்தவன் நான்.

ஆனால் யுத்தம் நடந்துகொண்டிருந்த தொண்ணூற்றேழாம் ஆண்டு எங்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. கல்லடியிலிருந்து வெளிநாட்டுக்குக் கடிதம் போய்ச் சேர ஒரு மாதம் ஆகும். வரும் கடிதமோ உறை கிழிந்துதான் வரும். அழகரத்தினம், தான் வேலை செய்த தொண்டு நிறுவனம் கழித்துவிட்ட கணினியில் ‘புலட்டின் போர்ட்’ என்ற அறிவிப்புப் பலகை ஒன்றை நடத்தினான். இன்னொரு கணினியிலிருந்து தொலைபேசிக் கம்பி வழியாக உள்ளே போய்ச் செய்தி வாசிக்கலாம், எழுதி வைக்கலாம். சேர்ந்ததை அது கட்டாகக் கட்டிக் கொழும்பிலுள்ள இன்னொரு பலகைக்குக் கொடுக்கும். அங்கிருந்து ரொறன்ரோவுக்கும் போகும்.

என் மகள் அன்னப்பூரணிக்கு இருபத்தேழு முடிந்திருந்தது. ஆரையம்பதியிலிருந்து ரொறன்ரோ போன இலட்சுமிப்பிள்ளை என்ற அம்மாவின் மகனுக்குச் சம்பந்தம் பேசி, நாள் குறிப்பதுதான் பாக்கி. அந்த நேரத்தில் அந்த அம்மாவிடமிருந்து ஒரு கேள்வி வந்தது. இரண்டு வீடும் ஒரே குடி என்று ஊரில் யாரோ சொன்னார்களாம், உண்மையா?

எங்கள் பகுதியில் குடி என்பது தாய்வழி வரும் குலம். ஒரே குடிக்காரர் சகோதரர். அவர்களுக்குள் கலியாணம் என்ற பேச்சை வாயில் எடுப்பதே அசிங்கம். என் வீட்டைப் பார்த்து அப்படிக் கேட்டதையே என்னால் பொறுக்க முடியவில்லை. அன்றே பதில் போக வேண்டும் என்று அந்த அறைக்குள் போனேன்.

“சுருக்கமாச் சொல்லுங்க பெரியப்பா,” என்றான் அழகரத்தினம். “இந்த டோர் பழசு. நீளமெண்டா வில்லங்கம்.”

“என்ன டோர்?”

“கட்டுக் கட்டிக் கொழும்புக்குக் குடுக்கிற புரோகிராம். பலகையோட வந்ததில்ல, பிறகு செருகினது. செய்தவன் எப்பவோ கைவிட்டுட்டான்.”

“புதுசு ஒண்டு போடன்.”

“புதுசை இந்தப் பலகை ஏற்காது. பலகையை மாத்தினா மற்ற டோர் எல்லாம் செத்துப்போகும். ஒண்டைத் தொட்டா எல்லாம் விழும் பெரியப்பா.”

ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு ஓடும் பஸ் மாதிரி ஒரு சாமான். அதில் என் மகளின் வாழ்க்கையை ஏற்றி அனுப்பச் சொல்கிறான்.

“சொல் எண்ணி அனுப்ப நான் தந்தி குடுக்க வரல்ல. மரியாதையா எழுத வேண்டிய கடிதம். சொல்றதை அப்படியே அடி.”

அவன் அடித்தான். அதுவும் தமிழை ஆங்கில எழுத்தில். நான் சொன்னது இது: ‘மதிப்பும் மரியாதையும் நிறைந்த இலட்சுமிப்பிள்ளை அம்மையார் அவர்களுக்கு, கல்லடி ஓய்வுபெற்ற தபாலதிபர் வினாயகமூர்த்தி வணக்கத்துடன் அறியத்தருவது, தங்கள் குடியும் எனது மனைவியின் குடியும் ஒன்றே என நமது ஊரில் சிலர் கூறுவது உண்மை அல்ல.’

நான்காம் நாள் பதில் வந்தது. ‘உண்மையை ஒப்புக்கொண்டதற்கு நன்றி. தெரிந்துகொண்டே தங்கச்சியை அண்ணனுக்குக் கட்டிவைக்கப் பார்த்தீர்கள். இனி உங்கள் வீட்டுச் செய்தி எங்களுக்கு வேண்டாம்.’

அழகரத்தினம் நாங்கள் அனுப்பியதைத் திரையில் எடுத்தான். கடிதம் ‘உண்மை’ என்ற சொல்லோடு நின்றிருந்தது. அதன் கீழே, என் கடிதத்தோடு ஒட்டியபடி, ‘இது பதிவு செய்யப்படாத பிரதி’ என்று அந்த டோர் தானாகவே ஆங்கிலத்தில் ஒரு வரி போட்டிருந்தது.

“காசு கட்டிப் பதியாட்டி மூண்டு வரிதான் எடுக்கும்,” என்றான் தலையைச் சொறிந்துகொண்டு. “மிச்சத்தை வெட்டிப்போட்டுது. இங்கிலீசில ‘இல்ல’ எண்ட சொல்லு முன்னுக்கே வந்திடும். நம்மட பாசையில கடைசியிலதானே.”

“வெட்டும் எண்டு தெரிஞ்சும் வெச்சிருந்தியா?”

“வேல செய்யுதுதானே எண்டு விட்டன்.”

தபால் கந்தோரில் அந்தப் பேச்சுப் பேசியவனை நான் அன்றே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். எனக்கு அவன் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

என் மனைவி சீதேவிப்பிள்ளை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

“குடி என்ட,” என்றாள். “கடிதம் மட்டும் உங்கட. நான் கதைக்கிறன், வாங்க டவுனுக்கு.”

பாலத்து இராணுவச் சோதனைச்சாவடியில் பஸ்ஸை விட்டு இறங்கி, பையைத் திறந்து காட்டி, மறுபடி ஏறி, மர்சூக்கின் தொலைபேசிக் கடைக்குப் போய்ச் சேர்ந்தோம். கோடு மந்தம் என்று மர்சூக் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டார். காத்திருந்த நாலு பேரும் காதைக் கொடுத்தார்கள். என் வீட்டுக் குடிக் கதை கடைத்தெருவுக்கு வந்தது.

“ஆர், சீதேவிப்பிள்ளையா?” என்றது ரொறன்ரோக் குரல். “குடி ஒண்டெண்டா இனி உங்களை அக்கா எண்டுதானே கூப்பிடணும்?”

“அப்படி இல்ல. மெஷின் கடைசிச் சொல்லை வெட்டிப்போட்டுது. அவர் ‘அல்ல’ எண்டுதான் எழுதினவர்.”

“மெஷினுக்கு அந்த ஒரு சொல்லுதான் ருசியாக்கும்!”

கடையில் ஒருவன் சிரித்தான். என் மனைவி தன் தாய், தாயின் தாய், அவள் பிறந்த வீடு என்று வரிசையாகச் சொன்னாள்.

“வாயால ஆரும் சொல்லலாம். உங்கட புருசன் எழுத்தில தந்திட்டாரே. தபாலதிபர் பொய் எழுதுவாரா?”

சீதேவிப்பிள்ளை என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு, குரல் மாறாமல் சொன்னாள்:

“அது அவர் எழுதினதே இல்ல. அந்தப் பலகையில ஆரும் ஆர்ட பேரையும் போட்டு எழுதலாம். நமக்கு ஆகாத ஆரோ செய்த வேலை.”

“அப்ப அதை அவரையே சொல்லச் சொல்லுங்க.”

ரிசீவர் என் கைக்கு வந்தது. அதுவரை என் பெயரில் போன எதையும் நான் மறுத்ததில்லை. உண்மையைச் சொல்லியாயிற்று, அதை அந்த அம்மா நம்பவில்லை. சம்பந்தம் உடைந்தால், சகோதரருக்குக் கலியாணம் பேசிய வீடு என்ற பெயர் ஒரு கிழமையில் ஆரையம்பதி முழுக்கப் போய்விடும். பிறகு அன்னப்பூரணியை யார் கேட்டு வருவார்கள்?

“நான் எழுதவில்லை அம்மா,” என்றேன்.

“சத்தியமா?”

“சத்தியமாக.”

ஸ்பீக்கரில் அந்த அம்மாவின் குரல் இறங்கியது.

“இந்தக் காலத்தில ஆரைத்தான் நம்புறது! சரி, மச்சாளிட்டக் குடுங்க.”

அக்கா என்று குத்தியவர் மச்சாள் என்றுவிட்டார்; குடி வேறு என்று ஏற்றுக்கொண்டார். என் மனைவி ரிசீவரை வாங்கிக்கொண்டு கலியாண நாளைப் பற்றிப் பேசத் தொடங்கினாள். மர்சூக் என் பக்கம் சாய்ந்தார்.

“அந்தப் பலகை உங்கட தம்பிட மகன்ட இல்லையா ஐயா? ஆரும் ஆர்ட பேரிலயும் எழுதுற இடமெண்டு ஆமிக் கேம்பில தெரிஞ்சா பொடியனைத் தூக்கிப்போடுவானுகள். இத்தனை பேர் கேட்டுட்டாங்க.”

அதுவரை நான் அதை நினைக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அழகரத்தினத்திடம் பலகையை நிறுத்தச் சொன்னேன். காரணத்தையும் சொன்னேன்.

“நீங்கதான் எழுதினது எண்டு கடையில போய்ச் சொன்னா முடிஞ்சுதே பெரியப்பா.”

“முடியாது. சம்பந்தம் உடைஞ்சுபோகும்.”

அவன் கம்பிகளைக் கழற்றினான். அந்தப் பெட்டியைச் சாக்கில் சுற்றி யாருக்கோ கொடுத்துவிட்டு, இரண்டாம் நாள் கொழும்புக்குப் போனான்.

ஆவணியில் கலியாணம் நடந்தது. தம்பி மகன் ஏன் வரவில்லை என்று சம்பந்தி அம்மா கேட்டார். வேலை, லீவு கிடைக்கவில்லை என்றேன். இந்த இரண்டாவது பொய்க்கு நாக்குத் தடுமாறவே இல்லை. சோற்றில் கை வைக்க முடியாமல் எழுந்துபோய்க் கிணற்றடியில் வாயைக் கொப்பளித்தேன்.