காலனி முக்கில் எட்டே முக்கால்

காலனியிலிருந்து வரும் ஐந்து பிள்ளைகளும் தாமதமாக வருவதைக்கூட ஒற்றுமையாகத்தான் செய்தார்கள். ஒன்பது பத்துக்கு மணி அடித்து, வாழ்த்துப் பாடி முடித்து, முதல் பாடம் பாதி ஓடியபின் ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி கேட்டுக்குள் நுழைவார்கள். முன்னால் ஐந்தாம் வகுப்பு வெற்றிச்செல்வி. அவள் கையைப் பிடித்தபடி ஒன்றாம் வகுப்பு கலையரசன். மற்ற மூவரும் அவர்களுக்குப் பின்னால்.

விக்கிரமங்கலத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்தத் தொடக்கப் பள்ளியில் மொத்தமே முப்பத்திரண்டு பிள்ளைகள். தலைமையாசிரியை சிந்தாமணி உடையார்பாளையத்திலிருந்து ஸ்கூட்டியில் வந்து, எட்டரைக்கெல்லாம் பள்ளியைத் திறந்துவிடுவார். அவருக்கு இந்த ஐவர் அணி பெரிய தலைவலி.

"ஏன் லேட்டு?" என்று கேட்டால் வெற்றிச்செல்விதான் பதில் சொல்வாள். ஒருநாள், "ஆடு என் ரிப்பனத் தின்னுடுச்சு டீச்சர்" என்றாள். இன்னொரு நாள், கலையரசனின் செருப்பை நாய் தூக்கிக்கொண்டு போய்விட்டது. அடுத்த நாள், "வழியில மயிலு நின்னுச்சு டீச்சர். தோகைய மடக்கற வரைக்கும் நாங்களும் நின்னோம்."

"நாளைக்கு யானை வருமா?" என்று கேட்டார் சிந்தாமணி.

"தெரியல டீச்சர்" என்றாள் அவள், முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல்.

சிந்தாமணிக்குச் சிரிப்பு வந்தாலும் அதைவிட வருத்தம்தான் அதிகம். காலையில் பள்ளியில் கொடுக்கும் கிச்சடி இவர்கள் வருவதற்குள் ஆறிப் போய்விடும். முதல் பாடமான கணக்கில் தினமும் பாதி போய்விடும். வியாழக்கிழமை காலை பள்ளியை உடன் வேலை பார்க்கும் ராஜேஷ் சாரிடம் ஒப்படைத்துவிட்டு, ஸ்கூட்டியைக் காலனிப் பக்கம் திருப்பினார். எங்கே விளையாடிக்கொண்டு நிற்கிறார்கள் என்று கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும் என்பது அவர் எண்ணம்.

தார்ரோட்டைத் தொட்டதும் அவர் ஸ்கூட்டியை நிறுத்த வேண்டியதாயிற்று. சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. கோடை விடுமுறையில் புதிதாக ரோடு போட்டபோது பழைய வேகத்தடை காணாமல் போயிருந்தது. ரோட்டுக்கு அந்தப் பக்கம், காலனி முக்கு வேப்பமரத்தடியில், ஐந்து பேரும் பையை மாட்டிக்கொண்டு வரிசையாக நின்றார்கள். வெற்றிச்செல்வி ஆறாம் வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்க, மற்றவர்கள் லாரிச் சத்தத்தையும் மீறிக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

பத்து நிமிடம் காத்திருந்தபின் ஒரு இடைவெளி கிடைத்தது. சிந்தாமணி ரோட்டைக் கடந்து அவர்களிடம் போனார்.

"எப்ப வந்தீங்க இங்க?"

"எட்டரைக்கே வந்துட்டோம் டீச்சர்" என்றான் கலையரசன். "ஒம்பதே காலுக்கு டிரைவருங்க டீக்கடையில நிப்பாட்டுவாங்க. அப்பத்தான் போவலாம்."

சிந்தாமணி வெற்றிச்செல்வியைப் பார்த்தார். "இத எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல? எதுக்கு ஆடு, மயிலுன்னு கதை சொன்ன?"

அவள் தலை குனிந்தாள். "போன வருஷம் லாரி ஒண்ணு கலையரசன் அக்காவ ஒரசப் பாத்துச்சு டீச்சர். ஒடனே அவங்க அம்மா அவள பள்ளிக்கூடத்த விட்டு நிறுத்தி, அத்தை வூட்டுக்கு அனுப்பிட்டாங்க. இப்ப ரோட்டப் பத்திச் சொன்னா எங்க எல்லாரையும் நிறுத்திடுவாங்க. லேட்டா வந்தா நீங்க திட்டத்தானே செய்வீங்க."

இரண்டு மாதமாகத் தினமும் குறித்த நேரத்துக்கு முன்பே கிளம்பிவிட்ட பிள்ளைகளையா நாம் திட்டிக்கொண்டிருந்தோம் என்று நினைத்தார் சிந்தாமணி. அந்த வேகத்தில் ரோட்டோரம் போய்க் கையை உயர்த்தி ஒரு லாரியை நிறுத்தப் பார்த்தார். அது ஹாரன் அடித்துவிட்டுப் போய்விட்டது. சேலை, தலை, கண்ணாடி எல்லாம் வெள்ளைத் தூசி.

"பவுடர் போட்ட மாரி இருக்கீங்க டீச்சர்" என்றான் கலையரசன்.

அன்று மாலையே காலனிக்குப் போனார். வெற்றிச்செல்வி பயந்ததுபோலவே நடந்தது. விஷயத்தைக் கேட்டதும் கலையரசனின் அம்மா அம்பிகா மகனை இழுத்து அணைத்துக்கொண்டாள். "அப்படின்னா நான் அனுப்பல டீச்சர். புள்ள முழுசா இருந்தாப் போதும். கொஞ்சம் பெருசானதும் வரட்டும்."

"வயசு போனா போனதுதான் அம்பிகா. ரோட்டுக்கு ஒரு வழி பண்ணுவோம். பள்ளிக்கூடத்த நிறுத்தறது வழியில்லீங்க" என்றார் சிந்தாமணி. அம்பிகா மகனை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

டம்ளரில் டீயோடு வந்த அம்சவள்ளிதான் பேசினாள். அவள் வெற்றிச்செல்வியின் அம்மா. இரண்டு எருமை வைத்திருந்தாள். "எட்டு மணிக்குச் சொசைட்டியில பால ஊத்திட்டு வந்துடுவேன். நான் நிக்கிறேன் டீச்சர்."

"லாரிய நிறுத்திடுவியா நீ?" என்றாள் அம்பிகா.

"எருமைய நிறுத்தறேன். லாரி நிக்காதா?"

அம்பிகாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "சரி, ஒரு வாரம் பாக்கறேன்" என்றாள்.

மறுநாள் காலை அம்சவள்ளி பழைய சிவப்புப் பாவாடை ஒன்றைக் கம்பில் கட்டிக்கொண்டு ரோட்டோரம் நின்றாள். எதிர்ப்பக்கம் சிந்தாமணி. தூரத்தில் லாரி தெரிந்ததுமே அம்சவள்ளி கம்பைத் தலைக்கு மேல் வீசினாள். முதல் இரண்டு லாரிகள் கண்டுகொள்ளவில்லை. மூன்றாவது வேகம் குறைந்து, பெருமூச்சு விட்டபடி நின்றது. டிரைவர் வீரமணி தா.பழூர்க்காரன். தலையை வெளியே நீட்டினான்.

"என்னக்கா வேணும்?"

"ஒண்ணும் வேணாம் தம்பி. அஞ்சு புள்ளைங்க பள்ளிக்கூடம் போவணும்."

"அதுக்கு இவ்ளோ பெரிய கொடியா?"

"சின்னதா இருந்தா நீ நிப்பியா?"

பின்னால் வந்த லாரிகள் ஹாரன் அடிக்கத் தொடங்கின. வீரமணி இறங்கிப் போய் அவர்களிடம் ஏதோ சொன்னான். ஹாரன் நின்றது. பிள்ளைகள் கை கோத்தபடி ரோட்டைக் கடந்தார்கள். கலையரசன் நடு ரோட்டில் நின்று எல்லா லாரிக்கும் தனித்தனியாகக் கை காட்டியதால் மட்டும் கொஞ்சம் தாமதமாயிற்று.

"தினம் எத்தன மணிக்கு?" என்று கேட்டான் வீரமணி.

"எட்டே முக்கால்."

அவன் போனை எடுத்து டிரைவர்கள் குரூப்பில் பேசி அனுப்பினான். "காலனி முக்குல எட்டே முக்காலுக்கு ஒரு அக்கா செவப்புக் கொடியோட நிக்கும். மொறைச்சுப் பாக்கும். எல்லாரும் மெதுவா வாங்க."

அன்றைக்குத்தான் ஐவரும் முதல்முறையாகக் கிச்சடியைச் சூடாகச் சாப்பிட்டார்கள். கலையரசன் நாக்கைச் சுட்டுக்கொண்டு இன்னொரு கரண்டி கேட்டான்.

ஒரு வாரம் இரண்டு வாரமானது. அம்பிகா அதற்குப் பிறகு மறுப்புச் சொல்லவில்லை. அம்சவள்ளி ஒரு கல்யாணத்துக்குப் போன அன்று கொடியைப் பிடித்து நின்றதே அம்பிகாதான். கிராம சபையில் சிந்தாமணியும் தாய்மார்களும் சேர்ந்து மனு கொடுத்தார்கள். நவம்பரில் வேகத்தடையும் வந்தது. வந்தபிறகும் அம்சவள்ளி கொடியை விடவில்லை.

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று, காலனியிலிருந்து வந்த வரிசையில் ஆறு பேர் இருந்தார்கள். ஆறாவது ஆள் மலர்கொடி. நான்கு வயது. தோளில் மளிகைக் கடை மஞ்சள் பை, அதற்குள் ஒரு தட்டு.

"இவள யாரு கூப்புட்டா?" என்று கேட்டார் சிந்தாமணி.

"யாரும் கூப்புடல டீச்சர். லாரியெல்லாம் நின்னுச்சு, அவளும் வந்துட்டா" என்றாள் வெற்றிச்செல்வி.

"உன்ன ஜூன்லதாம்மா சேத்துக்க முடியும்" என்றார் சிந்தாமணி அவளிடம் குனிந்து.

மலர்கொடி அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. நேரே போய்க் கலையரசன் பக்கத்தில் உட்கார்ந்து, தட்டை எடுத்து முன்னால் வைத்தாள். வீட்டில் தேடப் போகிறார்களே என்று சிந்தாமணி அம்சவள்ளிக்குப் போன் போட்டுத் தகவல் சொன்னார். பிறகு அவரே கரண்டியை வாங்கி, அந்தத் தட்டில் கிச்சடியைப் பரிமாறினார்.