வாதாம் இலைக்குச் சாட்சி

கடலூரில் இருக்கும் அந்த நிழற்படக் கழகத்தில் பிரிசில்லா ஆறு வருஷமாக உறுப்பினர். மாதக் கூட்டத்துக்கு வடையும் டீயும் சொல்வது, வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்குவது, ஆண்டுக் கண்காட்சியன்று வாசலில் நின்று பன்னீர் தெளிப்பது எல்லாம் அவள் பொறுப்பு. படம் மாட்டுவது மட்டும் மற்றவர்கள் பொறுப்பு. கழகத்தில் அவள் ஒருத்திதான் பெண் என்பதை அவர்கள் ஏதோ தாங்களே செய்த தர்மம் மாதிரி ஊரெல்லாம் சொல்லிக்கொள்வார்கள்.

அவளுக்கு ஆசை பெரிதாக ஒன்றுமில்லை. ஒரே ஒரு படம், கீழே தன் பெயரோடு, அந்தக் கண்காட்சிச் சுவரில் தொங்க வேண்டும். சிதம்பரத்தில் ஒரு கல்லூரி நூலகத்தில் உதவியாளராக இருந்துகொண்டு, யாரோ விற்ற பழைய காமிராவை வாங்கி, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் மினிபஸ் ஏறி அலைபவளுக்கு இதுகூடப் பேராசையா என்ன?

இந்த வருஷக் கண்காட்சிக்கும் அதோடு நடக்கும் போட்டிக்கும் தலைப்பு ‘இலையுதிர்காலம்’. கடலூர் மாவட்டத்தில் வெயில் காலம் உண்டு, புயல் காலம் உண்டு. இலையுதிர்காலம் என்று தனியாக ஒன்று வந்துபோனதாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஆனால் தலைவர் பாலகுமாரும் இன்னும் ஏழு பேரும் அக்டோபரில் காஷ்மீர் போய்ச் சிவந்த மரங்களைப் படம் பிடித்து வந்திருந்தார்கள். தலைப்பு ஏன் அப்படி அமைந்தது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

பிரிசில்லா காஷ்மீர் போகவில்லை, குமராட்சிப் பக்கம் போனாள். அங்கே வாய்க்கால் பாலத்தை ஒட்டி ஒன்பது வாதாங்கொட்டை மரங்கள் வரிசையாக நிற்கின்றன. பொங்கல் கழிந்து பத்துப் பதினைந்து நாளில் அத்தனை இலையும் ரத்தச் சிவப்பாகும். பாதி மரத்திலும் பாதி தரையிலுமாக, பார்க்கிறவர்கள் வண்டியை ஓரங்கட்டாமல் போக முடியாது. சிதம்பரத்துக் கல்யாண ஜோடிகள் எல்லாம் இப்போது அங்கேதான் வந்து நின்று கன்னத்தைக் கன்னத்தோடு ஒட்டிக்கொள்கிறார்கள். ஒரு ஞாயிறு, ஜோடிகள் சாப்பிடப் போன இடைவெளியில், பிரிசில்லா அந்தப் படத்தை எடுத்தாள். வாழ்க்கையில் அவள் எடுத்த நல்ல படம் அதுதான். அது அவளுக்கே தெரிந்தது.

கமிட்டியில் படத்தைத் திரையில் போட்டதும் எல்லாரும் நாற்காலியை முன்னுக்கு இழுத்தார்கள். பிறகு பாலகுமார் சிரித்தார்.

“மேடம், இது எந்த ஆப்புல பண்ணது?”

“ஆப்பு இல்ல சார். குமராட்சில எடுத்தது.”

“குமராட்சியா! நான் பொறந்து வளந்ததே இந்த ஜில்லாதான் மேடம். ஏஐ படத்தை நாங்க எடுத்துக்கறதில்ல, தெரியுமில்ல?”

அவள் கோப்பைத் திறந்து காட்டினாள். காமிராவில் தேதியே மாற்றாமல் வைத்திருந்ததால் 2011 என்று வந்தது. போனில் ஜோடிகளின் ரீல்ஸைத் தேடிக் காட்டினாள். அதெல்லாம் ஃபில்டர் என்றார்கள். கடைசியில் பெரிய மனசு பண்ணி, அடுத்த ஞாயிறு காலையில் காஷ்மீர் போன அந்த எட்டுப் பேரும் நேரில் வந்து பார்ப்பதாக முடிவானது. மரம் சிவப்பாக இருந்தால் படம் சுவரில், இல்லாவிட்டால் இல்லை.

சனிக்கிழமை மத்தியானம் பிரிசில்லாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பாலத்தடியில் வேர்க்கடலையும் மாங்காய்ப் பத்தையும் விற்கும் ராசம்மாளுக்குப் போன் போட்டாள்.

“ராசம்மாக்கா, மரத்துல எல இருக்குதா?”

“இருக்குது டீச்சரம்மா. ஏன்?” நூலகத்தில் வேலை என்று எத்தனை முறை சொன்னாலும் ராசம்மாளுக்கு அவள் டீச்சர்தான்.

“நாளைக்கு விடியக்காலம் கடலூர்லேந்து பெரிய பெரிய ஆளுங்க வர்றாங்க. மரத்தைப் பாக்கறதுக்குன்னே வர்றாங்க. கொஞ்சம் பாத்துக்குங்க.”

“நீ கவலைய வுடு. நான் பாத்துக்கறேன்.”

அந்த ‘பெரிய பெரிய ஆளுங்க’ என்ற வார்த்தையை விட்டிருக்கக் கூடாது. பெரிய ஆள் வருகிறார் என்றால் இந்தப் பக்கத்தில் என்ன செய்வார்கள் என்பது ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். பிரிசில்லாவுக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை.

ஞாயிறு காலை ஆறரை மணிக்கு வேன் பாலத்தில் நின்றது. முதலில் இறங்கியவள் பிரிசில்லா. ஒன்பது மரமும் மொட்டை. அடிமரத்தில் இடுப்பளவுக்குப் பளிச்சென்று சுண்ணாம்பு. சாலை ஓரம் இரண்டு பக்கமும் கோடு கிழித்த மாதிரி ப்ளீச்சிங் பவுடர். தரையில் ஒரு சருகு இல்லை. சாணி தெளித்து, நடுவே அகலமாக ஒரு கோலம். நூறு நாள் வேலைக்குப் போகிற ஏழெட்டுப் பெண்கள் துடைப்பத்தோடு வரிசையாக நின்று வணக்கம் வைத்தார்கள்.

ராசம்மாள் முகமெல்லாம் பூரிப்பாக ஓடி வந்தாள். “எப்பிடி டீச்சரம்மா? ராவு ரெண்டு மணி வரைக்கும் கூட்டனோம்.”

“அக்கா... மரத்துல இருந்த எல?”

“அதையும் தொரட்டி போட்டு உலுக்கிட்டோம். பெரியவங்க நிக்கிற நேரத்துல தலமேல வுழுந்தா நல்லாவா இருக்கும்? பாவம், பொண்ணும் மாப்ளயுமா வந்து அந்தக் குப்பையில நின்னு போட்டோ புடிக்குதுங்க. எனக்கு எத்தினி நாளா மனசு கேக்கல தெரியுமா!”

பிரிசில்லாவுக்குக் கோபமாக வந்தது. ஆனால் விடிய விடியத் தூங்காத அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படித் திட்டுவது? “ரொம்ப நல்லாருக்கு அக்கா” என்றாள். கர்த்தர் மன்னிப்பார் என்று நினைத்துக்கொண்டாள்.

பாலகுமார் மரங்களை ஒரு முறை அண்ணாந்து பார்த்துவிட்டு, “சுத்தமான ஊர்” என்றார். மற்றவர்கள் வாய்க்குள் சிரித்தார்கள். அவளுக்கு அந்த வாய்க்காலிலேயே குதித்துவிடலாம் போலிருந்தது.

அப்போதுதான் காற்று திரும்பியது. வாய்க்கால் சரிவில், விடியலுக்கு முன்னே பெண்கள் கொளுத்திவிட்ட இலைக் குவியல் புகைந்துகொண்டிருந்தது. புகை மெல்ல மேலேறி மொட்டை மரங்களுக்கு நடுவே படர, கிழக்கேயிருந்து வெயில் கம்பி கம்பியாக அதற்குள் இறங்கியது. ஒரு நிமிஷம்தான். எட்டுப் பேரும் பையைத் திறந்து, காலை அகட்டி, தரையில் படுத்து, ஒருவர் முதுகின் மேல் ஒருவர் சாய்ந்து, சுட்டுத் தள்ளினார்கள். பாலகுமார் வெள்ளைச் சட்டையோடு சாணித் தரையில் மல்லாந்தார். பிரிசில்லா ராசம்மாள் பக்கத்தில் நின்று, தன் படத்துக்கு இருந்த ஒரே ஆதாரம் புகையாகப் போவதையும், அதை எட்டுப் பேர் படம் பிடிப்பதையும் பார்த்தாள். காமிராவை அவள் தொடவே இல்லை.

மறுநாள் கமிட்டி அவள் படத்தைத் தள்ளியது. அதோடு விடாமல், இனி இப்படி யாரும் ஏமாற்றக் கூடாது என்று ஒரு விதியும் போட்டது. போட்டிக்கு வரும் ஒவ்வொரு படத்துக்கும், எடுத்த இடத்தில் நேரில் இருந்த கழக உறுப்பினர் ஒருவர், தான் பார்த்ததைத் தன் கையால் எழுதிச் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். படம் எடுத்தவர் அதை உண்மையென ஒப்புக்கொண்டு கீழே கையெழுத்திட வேண்டும். சாட்சி சொல்பவர் போட்டியாளராக இருக்கக் கூடாது. கை தட்டி நிறைவேற்றினார்கள்.

விதியின் விஷமம் அவர்களுக்கு உறைக்க நாலு நாளானது. காஷ்மீருக்குப் போனது எட்டுப் பேர். எட்டுப் பேரும் போட்டியாளர்கள். ஆகவே காஷ்மீர் படங்கள் மொத்தமும் அவுட். மிச்சம் குமராட்சிப் புகை. அங்கே நேரில் இருந்து, கழக உறுப்பினராகவும் இருந்து, போட்டியில் இல்லாத ஒரே ஆள், அவர்களே தள்ளிவிட்ட பிரிசில்லா.

கடைசித் தேதியன்று மூன்று மணிக்குப் பாலகுமார் சிதம்பரத்துக்கு வந்து, நூலகத்தில் அவள் மேஜை முன்னால் உட்கார்ந்தார். கையில் எட்டுப் படிவம். முதல் படிவத்தில் ‘மார்கழி மூடுபனி, பாலகுமார்’ என்று அழகாக எழுதியிருந்தது. தை மாதத்துப் புகைக்கு மார்கழி என்று பேர் வைத்திருந்தார் மனுஷன்.

“ஒரு சின்ன கையெழுத்துதான் மேடம். அஞ்சு மணிக்குள்ள கடலூர்ல குடுத்தாகணும்.”

பிரிசில்லா பேனாவைத் திறந்தாள். அவசரப்படாமல், நூலக அட்டையில் எழுதுகிற அதே குண்டு எழுத்தில் எழுதினாள்: ‘குமராட்சி வாய்க்கால் கரை. வாதாம் இலைகள் எரிந்த புகை. நான் அதற்கு முந்தின ஞாயிறு படம் எடுத்தபோது இவை சிவப்பாக இந்த மரங்களில் இருந்தன.’ எட்டிலும் அதையே எழுதி, எட்டிலும் கையெழுத்துப் போட்டு, அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

படிக்கப் படிக்க அவர் காது மடல் சிவந்தது. “இது எதுக்கு மேடம்? மூடுபனின்னு ஒரு வார்த்த போட்டா போதுமே.”

“நான் பாத்தது பொக சார். பாக்காததுக்கு நான் எப்பிடி சாட்சி சொல்றது?”

“சரி, பொகயே இருக்கட்டும். அந்தக் கடைசி வரிய மட்டும் அடிச்சிடுங்க.”

“அடிச்சா, நான் அங்க எதுக்கு வந்தேன்னு கேப்பாங்களே சார். மொத்தமா வேணாம்னா சொல்லுங்க, கிழிச்சுடறேன்.”

சுவர்க் கடிகாரம் மூன்றே கால் காட்டியது. கடலூர் பஸ் எப்படிப் போனாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல். எட்டுப் பேருடைய எட்டுப் படம். பாலகுமார் படிவத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி படிவத்தைப் பார்த்தார். பிறகு பையிலிருந்து பேனாவை எடுத்து, ‘மேற்கண்டது உண்மை’ என்ற இடத்துக்குக் கீழே தன் பெயரை எழுதினார். ஆறு வருஷத்தில் பிரிசில்லாவுக்கு அவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை. அதை அவள் மறைக்கவும் இல்லை.

“இதுல ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கறேன் சார். என் படத்தோட வெக்கணும். எல செவப்புன்னு நீங்களே கையெழுத்துப் போட்டாச்சே, போட்டிக்கு வேணாம், செவுத்துல தொங்கினா போதும்.”

அவள் நகல் எடுத்து வரும்வரை அவர் மேஜையில் விரலால் தட்டிக்கொண்டிருந்தார். எழுந்து போகும்போது, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு கேட்டார்: “உங்க படத்துக்கு என்ன தலைப்பு மேடம்? லிஸ்ட்ல ஏத்தணும்.”

“‘குமராட்சி’ன்னு போடுங்க சார்” என்றாள் பிரிசில்லா. “கொட்ட எழுத்துல போடுங்க.”